சில்வியா: சென்னையில் கண்ட புள்ளி, கால்குலேட்டரில் அதன் எடை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் சில வாரங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லெட்டர் டைப் செய்தாகிவிட்டது, பாட்டு கேட்டாகிவிட்டது, மெயில் அனுப்பவும் கற்றுக் கொண்டாகிவிட்டது. இனி இதில் வேறு என்ன செய்யலாம்?" நான் சாப்ட்வேர் எழுதுபவன் என்பதால் ஏதாவது புதிய சாப்ட்வேர் தொகுப்பின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது வேறு. விண்டோஸுடன் இலவசமாக வரும் பெயின்ட், கால்குலேட்டர் ஆகிய இரண்டு புரோகிராம்களே போதும். 52 கோடி கி.மீ. தொலைவில் சுற்றும் ஒரு பாறையைப் பற்றி, அது என்ன எடை, உள்ளே எப்படி இருக்கும் என்பது வரை நாமே கணக்கிட்டு விடலாம்.

அந்தப் பாறையின் பெயர் சில்வியா. அதனை முதலில் பார்த்த இடம் நம் சென்னை நுங்கம்பாக்கம்.

சிறுகோள் என்றால் என்ன?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள அகலமான பகுதியில் லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றை ஆங்கிலத்தில் அஸ்டிராய்ட் என்றும் தமிழில் சிறுகோள் என்றும் சொல்கிறோம். அந்தப் பகுதிக்கு மெயின் பெல்ட், அதாவது முதன்மைப் பட்டை என்று பெயர். இதில் முதலாவதாகச் சிரிஸ் 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு கிடைத்த ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்து வந்தார்கள். அந்த வரிசையில் சில்வியா 87 ஆவது.

வரிசை எண்ணும் பெயரும் சேர்ந்ததுதான் ஒரு சிறுகோளின் முழு அடையாளம். நம் பைல்களுக்குப் பெயரும் எக்ஸ்டென்ஷனும் இருப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நுங்கம்பாக்கமும் போக்சனும்

கிழக்கிந்தியக் கம்பெனி 1792ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானியல் ஆய்வுக்கூடம் கட்டியது. இன்று அந்த வளாகத்தில் மண்டல வானிலை மையம் இயங்குகிறது. பழைய ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது. அதில் பொறிக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று.

இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த நார்மன் ராபர்ட் போக்சன் 1861ல் இந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்றார். 1891ல் இறக்கும் வரை அவர் சென்னையிலேயே பணியாற்றினார். வந்த ஆண்டிலேயே, ஏப்ரல் 17 அன்று, ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார். 1864ல் சாப்போ, 1866 மே 16ல் சில்வியா, 1868ல் கமில்லா, 1885ல் வீரா என மொத்தம் ஐந்து சிறுகோள்கள் அவர் இங்கிருந்து கண்டவை.

இவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியையும் குறிப்பிட வேண்டும். ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றை 1867ல் அடையாளம் கண்டவர் அவர்.

போக்சனின் பெயர் இன்றும் வானியல் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. நட்சத்திரங்களின் ஒளியை 1, 2, 3 என்று படி வைத்துச் சொல்வது பழைய வழக்கம். எண் கூடினால் ஒளி குறைவு. 5 படி வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு என்று 1856ல் வரையறை செய்து தந்தவர் போக்சன். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. கால்குலேட்டரில் 2.512ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், 100 வந்து விடும்.

இருட்டான இடத்தில் வெறும் கண்ணுக்கு 6 ஆம் படி வரை தெரியும். சில்வியா நமக்கு அருகே வரும் நல்ல நேரத்திலும் 11 அல்லது 12 ஆம் படிதான். அதாவது கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தைக் காட்டிலும் குறைந்தது 100 மடங்கு மங்கல். டெலஸ்கோப் இல்லாமல் பார்க்கவே முடியாது.

ஆனால் டெலஸ்கோப் இருந்தாலும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அதில் சிறுகோளும் ஒரு புள்ளி, நட்சத்திரமும் ஒரு புள்ளி. ஆயிரம் புள்ளிகளில் எது சிறுகோள் என்று எப்படித் தெரியும்?

பெயின்ட்டில் செய்து பாருங்கள்

இதனை விளக்குவதை விட நீங்களே செய்து பார்த்தால் உடனே புரியும்.

1. பெயின்ட் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். பின்னணியைக் கறுப்பாக்கி, பிரஷ் டூல் மூலம் வெள்ளை நிறத்தில் 40 அல்லது 50 புள்ளிகளை அங்கும் இங்குமாக வையுங்கள்.

2. இதனை "வானம் 1" என்ற பெயரில் ஒரு தனி போல்டரில் சேவ் செய்யுங்கள்.

3. இப்போது ஒரே ஒரு புள்ளியை மட்டும் கறுப்பு நிறத்தால் அழித்து விட்டு, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு புதிய வெள்ளைப் புள்ளி வையுங்கள். சேவ் ஆஸ் கொடுத்து "வானம் 2" என்று பதிந்து கொள்ளுங்கள். இங்கே சேவ் மட்டும் கொடுத்து விட்டால் முதல் படம் போய்விடும், கவனம்.

4. வீட்டில் உள்ள ஒருவரை அழைத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எந்தப் புள்ளி மாறியிருக்கிறது என்று கேளுங்கள். திணறுவார்கள்.

5. பிறகு முதல் படத்தில் டபுள் கிளிக் செய்து போட்டோ பார்க்கும் புரோகிராமில் திறந்து, கீபோர்டில் வலது, இடது அம்புக்குறி கீகளை மாறி மாறி அழுத்துங்கள். மற்ற புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் துள்ளிக் குதிக்கும்.

துள்ளுகிற புள்ளிதான் சிறுகோள். நட்சத்திரங்கள் மிகத் தொலைவில் இருப்பதால் ஓரிரு இரவுகளில் இடம் மாறுவதாகத் தெரியாது. சிறுகோள் மாறிவிடும்.

போக்சனுக்கு அம்புக்குறி கீ கிடையாது. போட்டோ எடுக்கும் வசதியும் கிடையாது. வானத்தைப் போட்டோ எடுத்துச் சிறுகோள் கண்டுபிடிப்பது 1891ல்தான் தொடங்கியது. அவர் டெலஸ்கோப்பில் கண் வைத்து, கையில் உள்ள நட்சத்திர வரைபடத்துடன் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி தென்பட்டால் அதன் இடத்தை அளந்து குறித்துக் கொண்டு, பின்னர் மீண்டும் அது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 24 ஆண்டுகளில் ஐந்து கிடைத்தது எவ்வளவு பொறுமையான வேலை என்பது, நான்காவது படியில் திணறியவரைக் கேட்டால் தெரியும்.

பெயர் வந்த கதை

ரோம் நகரை நிறுவிய இரட்டையர்கள் ரோமுலஸ், ரெமுஸ் என்பது அந்நாட்டின் பழங்கதை. அவர்களின் தாய் ரியா சில்வியா. அவளை மனதில் வைத்தே இந்தப் பெயரைத் தேர்வு செய்ததாக, கண்டுபிடிப்பை அறிவித்த 1866ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே போக்சன் எழுதியிருக்கிறார்.

ஆனால் சிறுகோள்களின் பெயர் விளக்கங்களைத் தொகுத்து 1955ல் வெளியான நூலில், பிரெஞ்சு வானியல் அறிஞர் கமில் பிளமரியோனின் முதல் மனைவி சில்வியின் நினைவாக வைத்த பெயர் என்று தவறாக இடம் பெற்று விட்டது. டேட்டாபேஸில் வேலை செய்யும் எனக்கு இது நன்றாகப் பழகிய விஷயம். ஒரு இடத்தில் தவறான தகவல் ஏறிவிட்டால், அடுத்து எடுப்பவர்கள் அதையேதான் காப்பி செய்வார்கள். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை. முதலில் எழுதியவர் என்ன எழுதினார் என்று தேடிப் பார்ப்பதுதான் வழி. இன்டர்நெட்டில் நீங்கள் தேடும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சில்வியாவின் ஜாதகம்

சூரியனிலிருந்து சராசரித் தொலைவு: சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 3.48 மடங்கு, அதாவது சுமார் 52 கோடி கி.மீ. பட்டையின் வெளி ஓரம். சூரிய ஒளி அங்கு சென்று சேர 29 நிமிடம் ஆகும்.

ஒரு முறை சூரியனைச் சுற்ற: சுமார் ஆறரை ஆண்டு. இதனையும் சரி பார்க்கலாம். 3.48ஐ மூன்று முறை பெருக்கினால் 42.14. அதற்கு வர்க்கமூலம் கண்டால் 6.49. சூரியனைச் சுற்றும் எந்தக் கோளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 1619ல் கெப்ளர் வெளியிட்ட விதி இது.

தன்னைத் தானே சுற்ற: 5 மணி 11 நிமிடம்.

அளவு: உருண்டையல்ல, நீண்ட வடிவம். நீளவாக்கில் 360 கி.மீ.க்கும் மேல். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியே போகும் தூரம் அளவு. அதே கன அளவுள்ள உருண்டையாக்கினால் விட்டம் சுமார் 271 கி.மீ. முதன்மைப் பட்டையின் பெரிய சிறுகோள்களில் ஒன்று.

நிறம்: கரி போலக் கறுப்பு. விழும் ஒளியில் 100ல் 4 அல்லது 5 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது.

இந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. எடை. ஒரு புள்ளியின் எடையை எப்படி அறிவது? அதற்கு 135 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தாயைத் தேடி வந்த இரட்டையர்

நட்சத்திரம் மினுக்குவதை ரசிக்கிறோம் அல்லவா? வானியலாளர்களுக்கு அதுதான் தலைவலி. அடுப்பின் மேல் எழும் சூடான காற்றில் எதிர்ச் சுவர் அலைவது போல, நம் காற்று மண்டலம் டெலஸ்கோப்பின் படத்தைக் கலக்கி விடுகிறது.

இங்குதான் கம்ப்யூட்டர் வந்து சேர்கிறது. டெலஸ்கோப்பினுள் வளைந்து கொடுக்கும் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்தார்கள். வரும் ஒளி எப்படிக் கலங்கியிருக்கிறது என்று ஒரு சென்சார் அளக்கும். அதற்கு நேர் எதிராகக் கண்ணாடியை எப்படி வளைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும். அளப்பது, கணக்கிடுவது, வளைப்பது எல்லாம் ஒரு செகண்டில் நூற்றுக்கணக்கான முறை நடக்கும். இதற்கு அடாப்டிவ் ஆப்டிக்ஸ் என்று பெயர்.

இந்த வசதி கொண்ட ஹவாய்த் தீவின் கெக் டெலஸ்கோப்பில் 2001 பிப்ரவரி 18 அன்று மைக்கேல் பிரவுன், ஜான் லுக் மார்கோ இருவரும் சில்வியாவைப் பார்த்தபோது, பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. சில்வியாவுக்கு ஒரு நிலா! பிறகு சிலி நாட்டில் உள்ள வெரி லார்ஜ் டெலஸ்கோப் மூலம் 2004ல் எடுத்த படங்களை பிராங்க் மார்ஷி குழுவினர் ஆராய்ந்தபோது இன்னும் ஒரு நிலா கிடைத்தது. 2005 ஆகஸ்டில் இதனை அறிவித்தார்கள். இரண்டு நிலாக்கள் கொண்ட சிறுகோள் என்று அறியப்பட்டதில் அதுவே முதலாவது.

தாய் சில்வியா என்றால் பிள்ளைகளுக்கு வேறென்ன பெயர் வைக்க முடியும்? பெரியது ரோமுலஸ், சிறியது ரெமுஸ். சென்னையில் 1866ல் வைத்த பெயர், 2005ல் இப்படிப் பொருந்தி வந்தது. ரோமுலஸின் குறுக்களவு சுமார் 20 கி.மீ. சில்வியாவின் மையத்திலிருந்து 1,360 கி.மீ. தள்ளி, 3.65 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. ரெமுஸ் இன்னும் சிறியது. 710 கி.மீ. தொலைவில் சுமார் 33 மணி நேரத்தில் சுற்றி விடுகிறது.

இனி எடை போடலாம்

நிலா கிடைத்தால் எடை கிடைத்த மாதிரிதான். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும்போது, வேகம் கூடக் கூட நாம் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். வானத்தில் அந்தப் பிடி என்பது ஈர்ப்பு விசை. நடுவில் உள்ளது எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாக நிலா சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விழுந்து விடும். ஆகவே நிலா எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால், நடுவில் இருப்பதன் எடை தெரிந்து விடும்.

நமக்குத் தெரிந்த ஜோடி ஒன்று இருக்கிறது. பூமியும் சந்திரனும். சந்திரன் 3,84,400 கி.மீ. தூரத்தில் 27.32 நாளில் சுற்றுகிறது. இரண்டு ஜோடிகளையும் ஒப்பிட்டால் போதும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து கால்குலேட்டரைத் திறந்து, தசம எண்கள் வரும்போது இரண்டு மூன்று இலக்கம் வரை எடுத்துக் கொள்ளுங்கள்.

1. தூரங்களை வகுக்கவும். 3,84,400 ÷ 1,360 = 282.65. இதனை மூன்று முறை பெருக்கவும் (282.65 × 282.65 × 282.65). விடை சுமார் 2,25,81,000.

2. நாட்களை வகுக்கவும். 27.32 ÷ 3.65 = 7.485. இதனை இரண்டு முறை பெருக்கவும் (7.485 × 7.485). விடை 56.02.

3. முதல் விடையை இரண்டாவதால் வகுக்கவும். சுமார் 4,03,000 வரும். பூமி சில்வியாவைப் போல இத்தனை மடங்கு கனம்.

4. இனி உருவ அளவு. பூமியின் விட்டம் 12,742 கி.மீ. 12,742 ÷ 271 = 47.02. இதனை மூன்று முறை பெருக்கினால் சுமார் 1,04,000. அதாவது பூமிக்குள் 1,04,000 சில்வியாக்களின் கன அளவு அடங்கும்.

5. பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.51 மடங்கு. 5.51 × 1,04,000 ÷ 4,03,000 = 1.42.

இந்த 1.42தான் நாம் தேடி வந்த எண். சில்வியாவிலிருந்து ஒரு லிட்டர் அளவுக்குப் பொருளை அள்ளினால் சராசரியாக 1.42 கிலோ இருக்கும்.

கணக்கை மூடுவதற்கு முன் இன்னும் ஒரு முறை செய்யுங்கள். நான்காவது படியில் 271க்குப் பதிலாக 286 போடுங்கள். 2005ல் கிடைத்த சில்வியாவின் வடிவத்திலிருந்து வரும் விட்டம் அது. இப்போது விடை 1.21. விஞ்ஞானிகள் 2005ல் 1.2 என்றும், இன்னும் தெளிவான படங்களைக் கொண்டு 2021ல் 1.38 என்றும் வெளியிட்டார்கள். விட்டத்தை மூன்று முறை பெருக்குவதால் 15 கி.மீ. வித்தியாசமும் விடையில் பெரிதாகி விடுகிறது. கம்ப்யூட்டர் பெருக்கலில் தவறு செய்யாது. ஆனால் நாம் கொடுக்கும் எண் எவ்வளவு சரியோ, அவ்வளவுதான் விடையும் சரி.

அந்த எண் சொல்லும் செய்தி

தண்ணீர் 1. சாதாரணப் பாறை 2.5 முதல் 3 வரை. 1.2 ஆனாலும் 1.4 ஆனாலும் சில்வியா ஒரே பாறையாக இருக்க வாய்ப்பில்லை. லாரியிலிருந்து கொட்டிய ஜல்லிக் குவியலை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஜல்லியும் கனம்தான், ஆனால் இடையிடையே காலி இடம். சில்வியாவின் உள்ளேயும் நிறைய காலி இடம் இருக்க வேண்டும் என்று 2005ல் மார்ஷி குழு முடிவு செய்தது. முன்னொரு காலத்தில் பெரிய மோதல் ஒன்றில் உடைந்த துண்டுகள் மீண்டும் ஒன்று சேர்ந்து குவியலாகி, சேராமல் மிஞ்சியவை நிலாக்களாகி இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

2021 ஆய்வு அதற்கு மேலும் ஒரு படி போனது. நிலாக்களின் பாதையைக் கூர்ந்து அளந்ததில், எடை எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கவில்லை, நடுப்பகுதியில் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே அடர்த்தியான கரு, மேலே துளைகள் நிறைந்த போர்வை என்ற அமைப்பு இதற்குப் பொருந்துகிறது. யாரும் அங்கே போகவில்லை, ஒரு கல்லைக்கூட எடுத்து வரவில்லை. அளந்தும் கணக்கிட்டும் கிடைத்த செய்தி இது.

நீங்களும் தேடலாம்

சில்வியாவின் இன்றைய விவரங்களைப் பார்க்க விரும்பினால், சர்ச் என்ஜினில் "ஜே.பி.எல். ஸ்மால் பாடி டேட்டாபேஸ்" என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அமெரிக்காவின் நாசாவைச் சார்ந்த ஆய்வகம் நடத்தும் இலவச சேவை இது. தேடும் கட்டத்தில் 87 என்று கொடுத்தாலே போதும். சில்வியாவின் பாதை பற்றிய எண்கள் வரும். பாதையைப் படமாகவும் காணலாம்.

பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் "இன்டர்நேஷனல் அஸ்ட்ரனாமிக்கல் சர்ச் கொலாபரேஷன்" என்ற திட்டத்தைத் தெரிந்து கொள்வது நல்லது. பெரிய டெலஸ்கோப்கள் எடுத்த வானப் படங்களைக் குழுவாகச் சேரும் மாணவர்களுக்கு இலவசமாக அனுப்புகிறார்கள். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற விண்டோஸ் சாப்ட்வேரில் அந்தப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, நகரும் புள்ளியைத் தேட வேண்டும். பெயின்ட்டில் நீங்கள் செய்த அதே வேலைதான். இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் இதில் பங்கேற்று வருகிறார்கள்.

இன்று 13 லட்சத்துக்கும் அதிகமான சிறுகோள்கள் பதிவாகி இருக்கின்றன. சிலி நாட்டின் ரூபின் ஆய்வுக்கூடம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டபோது, பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பார்வையில் 2,104 புதிய சிறுகோள்கள் கிடைத்ததாக அறிவித்தது. நம் பக்கத்திலும் வேலை நிற்கவில்லை. போக்சன் வீராவைக் கண்டு 103 ஆண்டுகள் கழித்து, 1988ல் வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் எண் 4130.

ரோமுலஸுக்குப் பதிலாக ரெமுஸின் தூரமான 710 கி.மீ.யையும், 33 மணி நேரத்தை நாளாக மாற்றி 1.38ஐயும் போட்டு முதல் மூன்று படிகளை மீண்டும் செய்து பாருங்கள். வேறு நிலா, வேறு தூரம், வேறு நாள். ஆனாலும் விடை மறுபடியும் நாலு லட்சத்தை ஒட்டியே வந்து நிற்கும். இரண்டு வழியில் போட்டும் கணக்கு ஒத்து வந்தால் அதை நம்பலாம்.